நான்கு வாசனை பூசிய கிச்சிலி

ஏரிக்கரைக்குக் கீழே இருந்த நெல்வயலின் பெரிய வரப்புக்குள் எலிக்கூட்டம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்து வந்தது. நெல்லைத் தின்று வளர்ந்த கூட்டம் அல்லவா? பிள்ளைகளுக்கெல்லாம் நெல்லின் பெயர்தான் வைப்பார்கள். தலைவியின் பெயர் சம்பா. பெயருக்கு ஏற்ற பெருத்த உடம்பு. வளையில் இருந்த எல்லாருக்கும் அவள் அத்தை.

வளைக்குள் வெளிச்சம் கிடையாது. இருட்டில் கண் இருந்து என்ன, இல்லாமல் என்ன? எலிகள் மூக்கை நம்பித்தான் பிழைத்தன. அதனால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாசனை வைத்திருந்தார்கள். நெல் சேர்த்து வைக்கும் அறைக்கு நொச்சி. குட்டிகள் தூங்கும் அறைக்கு வெட்டிவேர். விருந்தாளி அறைக்குத் துளசி. வரப்பின் மறுபக்கத்தில், மெல்லிய மண்ணால் மூடி வைத்த அவசர வழி ஒன்று இருந்தது. பாம்பு வந்தால் ஓடுவதற்கு அது. அதற்குக் கோரைக்கிழங்கு வாசனை.

எந்த அறையில் வேலையோ, அந்த வாசனையைச் சம்பா அத்தையிடம் வாங்கி உடம்பில் பூசிக்கொண்டு போக வேண்டும். வாசலில் காவல் இருக்கும் எலி முகர்ந்து பார்க்கும். வாசனை சரியாக இருந்தால் வழி விடும். இல்லாவிட்டால் கடிக்கும். வேலை முடிந்ததும் புழுதியில் புரண்டு, பூசியதைப் போக்கிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகலாம்.

"சொந்த வளைக்குள்ள நடமாடறதுக்கு இத்தனை புரளலா!" என்று இளசுகள் முணுமுணுக்கும். முணுமுணுத்தபடியே புரளும்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. அடைமழையில் அடைக்கலம் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புவதில்லை. அதற்காக வளைக்குள் அழைத்துக் குலாவுவதும் இல்லை. வந்தவர் யாரோ, எவரோ! வளையை ஒட்டித் தனியாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து அறைந்த சுவர். கீறிப் பார்த்தால் நகம்தான் உடையும். மழை விடும் வரைக்கும் விருந்தாளி அதற்குள் சுகமாக இருக்கலாம். சாப்பாடு தேடி வரும்.

அந்தச் சுவரைப் பற்றி எலிகளுக்கு ஏகப் பெருமை.

"யானை வந்து முட்டட்டும்! எங்க சுவர் நிக்கும்!" என்பாள் சம்பா.

யானை எதற்காக எலி வளைக்கு வந்து முட்டப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

விருந்தாளி அறை வேலை கிச்சிலியுடையது. நெல் கொண்டுபோய்க் கொடுப்பான், வைக்கோல் விரிப்பான், குப்பை அள்ளுவான். சுறுசுறுப்பானவன். பொய், திருட்டு என்று ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு குறை. அவனை யாராவது கொஞ்சம் சந்தேகப்பட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அவன் மனைவி குருணை. குட்டிகள் அறைக்கு அவள்தான் காவல். அந்த வருஷம் அவர்களுடைய குட்டிகளும் அந்த அறையில் இருந்தன. கண் திறக்காத, மயிர் முளைக்காத, சிவப்புச் சிவப்பான குட்டிகள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. வயலெல்லாம் வெள்ளக்காடு. அந்த மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு ஒரு மூஞ்சூறு வந்து நின்றது. மூக்கையா என்று பெயர் சொன்னது. நீண்ட மூக்கு, பணிவான குரல், உடம்பெல்லாம் ஒரு நாற்றம்.

"அம்மா, தாயே! என் பொந்து தண்ணியில போயிடுச்சு. மழை விடற வரைக்கும் ஒரு மூலை குடுத்தாப் போதும். பிள்ளையாருக்கு வாகனமா இருந்த குலம் எங்க குலம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"புண்ணியம் இருக்கட்டும். விருந்தாளி அறையில இரு. அதைத் தாண்டக் கூடாது!" என்றாள் சம்பா.

மூக்கையா உள்ளே போனான். முதல் வேலையாகச் சுவரைச் சுற்றிச் சுற்றிக் கீறிப் பார்த்தான். நகம் உடைந்தது. அதோடு சுவரை விட்டுவிட்டான்.

கிச்சிலி நெல் கொண்டுவந்து வைத்தான். மூக்கையா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். தின்னவில்லை, வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தான். நெல்லை யார் தின்பார்கள்? அவனுக்குப் புழு வேண்டும், பூச்சி வேண்டும். எல்லாவற்றையும்விட இளங்கறி வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ 'கீ... கீ...' என்று மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வாயில் எச்சில் ஊறியது.

கிச்சிலிக்கு அந்த மழைக்காலம் பெரும்பாடாகிவிட்டது. நெல் எடுக்க நொச்சி வேண்டும். அத்தையிடம் ஓட வேண்டும். எடுத்து வந்து, புரண்டு, துளசிக்காக மறுபடி அத்தையிடம் ஓட வேண்டும். புரளவோ காய்ந்த புழுதி இல்லை. எல்லாம் நமுத்துச் சேறாகிக் கிடந்தது. போதாததற்கு, சம்பா அத்தைக்கு மழை என்றால் தூக்கம். எழுப்பினால் எரிச்சல்.

ஒரு மத்தியானம் அவள் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தே! அத்தே! துளசி வேணும்!"

"இப்பத்தானேடா வந்த?"

"அது நொச்சிக்கு. இது துளசிக்கு!"

"என் உயிரை வாங்காதடா!" என்று சலித்துக்கொண்டாள் சம்பா. பிறகு மனம் இளகியது. "உன்னைவிட நம்பிக்கையானவன் இந்த வரப்புல யாருடா இருக்கான்? அந்த மூலையில நாலும் இருக்கு. நாலையும் பூசிக்க! இனிமே எங்கிட்ட வராத. புரளவும் வேண்டாம்."

"நாலுமா? எனக்கு நொச்சியும் துளசியும் போதுமே அத்தே! வெட்டிவேரும் கோரையும் எதுக்கு?"

"இருந்துட்டுப் போவட்டுமே! என்னைக்காவது வேணும்னா அப்ப ஒருதரம் என்னை எழுப்புவியா? பூசிக்கடா!"

கிச்சிலி பூசிக்கொண்டான். வெளியே வந்தபோது வளையே மணத்தது. கல்யாண மாப்பிள்ளை வருவது போல இளம் எலிகள் ஒதுங்கி வழி விட்டன. காவல் எலிகள் முகர்ந்துவிட்டு, "போங்கண்ணே, போங்க!" என்றன. எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கிச்சிலிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தேவையில்லை என்று சொன்ன வாயாலேயே, 'எனக்கு இது தகும்' என்று நினைத்துக்கொண்டான். நாமும் அப்படித்தானே நினைப்போம்?

குருணைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஏங்க, விருந்தாளி அறைக்குப் போறப்ப எதுக்கு வெட்டிவேர்? அது நம்ம பிள்ளைங்க அறை வாசனை. அங்க எதுக்கு அதைச் சுமந்துக்கிட்டுப் போறீங்க?"

"என்ன சொல்ற நீ? நம்ம பிள்ளைங்களுக்கு நானே கெடுதல் பண்ணிருவேனா?"

"உங்களைச் சொல்லலைங்க..."

"பின்ன யாரைச் சொல்ற? அத்தையே நம்பிட்டாங்க. கட்டுன பொண்டாட்டி நம்ப மாட்டேங்கிற! இதைவிட எனக்கு என்ன அவமானம் வேணும்?"

குருணை வாயை மூடிக்கொண்டாள். கேட்டது தப்போ என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கிச்சிலி அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். குட்டிகளைப் பார்க்க வருவான், ஏதாவது கேட்டால் 'ம்' என்பான், போய்விடுவான்.

மூக்கையாவின் மூக்கு சும்மா இருக்குமா? கிச்சிலி உள்ளே நுழைந்ததுமே அது நீண்டது.

"அடேங்கப்பா! மச்சான், இன்னைக்கு என்ன மணமா மணக்கிறீங்க! நொச்சி தெரியுது, துளசி தெரியுது. இந்தக் குளுகுளுன்னு ஒண்ணு... அது என்ன?"

"வெட்டிவேர். அதைப் பூசினவங்க மட்டும்தான் குட்டிங்க அறைக்குப் போகலாம்."

"அப்படியா! அப்ப இந்தக் காரமான வாசனை?"

"கோரைக்கிழங்கு. அவசர வழிக்கு. வளையில அத்தையை விட்டா நாலும் எனக்குத்தான்!" என்றான் கிச்சிலி.

"இருக்காதா பின்ன! உங்க மணமே சொல்லுதே! வாங்க மச்சான், இப்பிடி உக்காருங்க. ஓடி ஓடி உழைக்கிறீங்க. காலைப் பிடிச்சு விடறேன்."

கிச்சிலி முதலில் மறுத்தான். ஆனால் காலோ வலித்தது. வீட்டில் மனைவியோடு பேச்சும் இல்லை. இங்கே ஒருத்தன் மச்சான் மச்சான் என்று உருகுகிறான். சற்றே சாய்ந்தான். மூக்கையா கால் பிடித்தான், முதுகு பிடித்தான், கழுத்தைத் தடவினான். அவனைக் கட்டிக்கொண்டு உரசினான். வைக்கோல் மெத்தென்று இருந்தது. கிச்சிலி தூங்கிப்போனான்.

இது வழக்கமாயிற்று. கிச்சிலி படுத்து எழுந்த வைக்கோலில் மூக்கையா புரளுவான். நன்றாகப் புரளுவான். அவனுடைய சொந்த நாற்றத்தின் மேல் நொச்சியும் துளசியும் வெட்டிவேரும் கோரையும் படியப் படியப் பூசிக்கொண்டான். கிச்சிலியின் உடம்பு வாசனையும் கூடவே ஒட்டியது.

ஒரு நாள் பிற்பகல், கிச்சிலி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தபோது மூக்கையா எழுந்தான். அறை வாசலுக்கு வந்தான். காவல் எலி முகர்ந்தது. துளசி. விட்டுவிட்டது.

அடுத்தது வளையின் நடுவாசல். அங்கே பதர் காவல் இருந்தான். அவன் பிறந்தபோது நெல் பெயர்கள் தீர்ந்துவிட்டன. அதனால் அந்தப் பெயர். பாவம், அவனும் முகர்ந்தான். எல்லா வாசனையும் சரியாக இருந்தது. அடியில் ஏதோ மூஞ்சூற்று நாற்றம் வருவது போலவும் இருந்தது.

'விருந்தாளி அறையிலயே கிடக்கிறார். அந்த நாத்தம் ஒட்டாம என்ன செய்யும்!' என்று நினைத்துக்கொண்டு, "போங்கண்ணே!" என்றான்.

மூக்கையா குட்டிகள் அறைக்கு வந்தான். வாசலில் குருணை. வெட்டிவேர் மணந்தது. புருஷன் வாசனையும் மணந்தது.

"வந்துட்டீங்களா? பிள்ளைங்க இப்பத்தான் பால் குடிச்சுட்டுத் தூங்குது. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன். பாத்துக்கறீங்களா?"

"ம்," என்றான் மூக்கையா.

இன்னமும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே குருணை தண்ணீருக்குப் போனாள்.

இங்கே கிச்சிலி கண் விழித்தான். பக்கத்தில் மூக்கையா இல்லை. அறை முழுக்கத் தடவிப் பார்த்தான். வைக்கோலுக்கு அடியில் தின்னாத நெல் குவியலாகக் கையில் தட்டுப்பட்டது.

அப்போதே ஒரு கூச்சல் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் வளை முழுக்க எழுந்து வந்திருக்கும். ஆனால், 'வேலை நேரத்துல தூங்கினேன்னு தெரிஞ்சா எல்லாரும் என்ன நினைப்பாங்க? சத்தமில்லாம நாமே தேடிப் புடிச்சுக் கொண்டாந்து விட்டுருவோம்' என்று நினைத்தான். வெட்கம் அவன் வாயைக் கட்டிப்போட்டது.

பூனை மாதிரி நடந்தான். நடுவாசலுக்கு வந்தான். பதர் முகர்ந்தான். திகைத்தான்.

"என்னண்ணே! நீங்க இப்பத்தானே உள்ள போனீங்க?"

என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கணமே கிச்சிலிக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் என்ன சொன்னான் தெரியுமா?

"ஆ... ஆமா. ஒண்ணை மறந்துட்டேன். அதான் திரும்ப வந்தேன்," என்றான்.

வாழ்நாளில் அவன் சொன்ன முதல் பொய் அது. பதர் வழி விட்டான்.

கிச்சிலி விரைந்தான். வழியில் இருந்த நெல் அறையை முகர்ந்து பார்த்தான். யாரும் இல்லை. திரும்பும் வழியில் யார் மேலோ மோதினான். குருணை! தண்ணீர் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

"நீங்களா! பிள்ளைங்களைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, இங்க என்ன பண்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? நான் உன்கிட்ட வரவே இல்லையே!"

"அப்ப... உள்ள இருக்கிறது யாரு?"

இரண்டு பேரும் ஓடினார்கள். கிச்சிலிக்கு இப்போதுதான் வாய் திறந்தது. "எல்லாரும் வாங்க! குட்டிங்க அறை! எல்லாரும் வாங்க!" என்று அலறிக்கொண்டே ஓடினான்.

அலறல் மூக்கையாவுக்கும் கேட்டது. அவன் அப்போதுதான் ஒரு குட்டியின் வாலைக் கவ்வியிருந்தான். கவ்வியபடியே பாய்ந்தான். எங்கே போவது? அதுதான் கிச்சிலி சொல்லிவைத்திருக்கிறானே! கோரை வாசனையை மோப்பம் பிடித்து நேராக அவசர வழிக்கு ஓடினான். அங்கிருந்த காவல் எலி முகர்ந்தது. கோரைக்கிழங்கு. ஒதுங்கி வழி விட்டது.

மூக்கையா முன்னங்காலால் மண்மூடியைப் பறித்தான். மெல்லிய மூடிதானே, பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே வயல் தளும்பி நின்றது. தண்ணீர் குபீரென்று உள்ளே பாய்ந்தது. மூக்கையா மூச்சுத் திணறி வாயைத் திறந்தான். குட்டி நழுவியது. அவன் தண்ணீரோடு மல்லுக்கட்டி வெளியே போய்ச் சேர்ந்தான். அப்புறம் அவனை அந்த வரப்பில் யாரும் பார்க்கவில்லை.

கிச்சிலி தண்ணீருக்குள் பாய்ந்து குட்டியைத் தூக்கினான். வாலில் பாதியைக் காணோம். ஆனால் 'கீ' என்றது. உயிர் இருந்தது.

தண்ணீர் ஏறியது. குருணையும் மற்றத் தாய்களும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு, தண்ணீர் எட்டாத மேட்டு அறைக்கு ஓடினார்கள். சம்பா அத்தை மூச்சிரைக்க ஓடி வந்தாள். தண்ணீர் பாயும் ஓட்டையைப் பார்த்தாள். தன் பெருத்த உடம்பை அதில் திணித்து அடைத்துக்கொண்டாள். முதுகில் குளிர்ந்த தண்ணீர் மோத, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மற்ற எலிகள் வாயிலும் கையிலும் மண் கொண்டுவந்து அப்பின. அப்பி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

குட்டிகள் எல்லாம் பிழைத்தன. நெல்லில் பாதி நனைந்துபோயிற்று.

நனைந்த எலிகள் மேட்டு அறையில் கூடின. பயம் போனதும் கோபம் வந்தது.

"மழைக்கு ஒதுங்க வந்தவனுக்கு இடம் குடுத்ததுதான் தப்பு! இனிமே ஒருத்தரையும் சேர்க்கக் கூடாது!" என்றது ஒன்று.

"சுவரை உடைச்சுக்கிட்டுத்தான் வந்திருப்பான். இன்னும் கனமாக் கட்டணும்!" என்றது மற்றொன்று.

இரண்டு எலிகள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தன. சுவரில் ஒரு கீறல்தான் இருந்தது. ஓர் உடைந்த நகம் கீழே கிடந்தது. அவ்வளவுதான். சுவர் சுவராகவே நின்றுகொண்டிருந்தது.

"அப்ப எப்படி வந்தான்?"

கிச்சிலியின் மேலிருந்து இன்னமும் நான்கு வாசனையும் வந்துகொண்டிருந்தன. அந்த அறையில் அது எல்லார் மூக்கிலும் ஏறியது.

"நான் யாருக்கும் துரோகம் பண்ணலை!" என்றான் கிச்சிலி. "நான் அவனை வெளிய விடலை. ஒரு கதவும் திறந்து விடலை!"

"நீங்க திறக்கலைண்ணே," என்றான் பதர். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "உங்க வாசனைதான் திறந்துச்சு. ரெண்டாவது தடவை நீங்க வந்தப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நீங்க 'ஆமா'ன்னு சொன்னீங்க. அதனாலதான் நான் கத்தலை."

கிச்சிலிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. தூங்கினதைச் சொன்னான். பொய் சொன்னதையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. கடைசியில் குருணை பக்கம் திரும்பினான்.

"நீ கேட்டப்போ கோவப்பட்டேன். நீ என்னைச் சந்தேகப்படறன்னு நினைச்சேன்."

குருணை வால் அறுந்த குட்டியை மடியில் வைத்து நக்கிக்கொண்டிருந்தாள். "நான் மட்டும் என்ன?" என்றாள். "கேட்டுட்டு வெட்கப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். வந்தவன் மூஞ்சியைக்கூடத் தொட்டுப் பாக்கலை. என் பிள்ளைங்களை நானே அவன்கிட்ட விட்டுட்டுப் போனேன்."

சம்பா அத்தை எழுந்து நின்றாள். சேறு அப்பிய உடம்பு. வழக்கமான அதட்டல் குரலில் இல்லை.

"ஆளாளுக்குத் தலையைக் குனியறீங்க. முதல்ல குனிய வேண்டியது நான். இவன் ரெண்டு வாசனை போதும்னு சொன்னான். என் தூக்கம் கெடுதேன்னு நாலையும் நான்தான் பூசிவிட்டேன். அதுக்கு நம்பிக்கைன்னு பேரு வேற வச்சேன்! அது நம்பிக்கை இல்லடா கிச்சிலி. சோம்பேறித்தனம். அத்தை அத்தைன்னு கூப்பிடறீங்களே, எனக்குக் கூசுது."

கிச்சிலி மெல்ல எழுந்தான். மழை பெய்துகொண்டிருந்த வாசலுக்குப் போனான். கொட்டுகிற மழையில் நின்று உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நொச்சி போயிற்று, வெட்டிவேர் போயிற்று, கோரை போயிற்று, துளசியும் போயிற்று. நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தான்.

"அத்தே, நாளைக்கு மறுபடி யாராவது மழையில வந்து நிப்பாங்க. அவங்களைத் துரத்த வேண்டாம். நானே வேலை பாக்கறேன். எனக்குத் துளசி மட்டும் குடுங்க. நெல்லை நெல் அறைக்காரங்க வாசல் வரைக்கும் கொண்டாந்து வச்சுட்டுப் போகட்டும். துளசி மேல இருக்கறப்ப மத்த மூணும் என்கிட்ட வேண்டாம். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"உனக்கு மட்டும் இல்லடா," என்றாள் சம்பா. அவளும் மழைக்குப் போனாள். தலைவி என்பதற்காகத் தன் மேல் எப்போதும் பூசியிருந்த நான்கையும் கழுவினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாசனையும் ஒவ்வோர் எலியிடம் இருந்தது. நான்கும் ஒரே உடம்பில் சேரவே சேராது என்று ஆயிற்று. பூசியது போகும்படி புரள, மழைக்காலத்துக்கென்று மேட்டு அறையில் காய்ந்த புழுதியும் சேர்த்து வைத்தார்கள்.

அந்த வருஷம் முளைவிட்ட நெல்லைத்தான் தின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு தவளை அடைக்கலம் கேட்டு வந்தது. கிச்சிலியை மச்சான் மச்சான் என்று கட்டிக்கொண்டது. அந்தத் தவளை நல்லதா கெட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வரவில்லை.

ஒரு நாள் கிச்சிலி விருந்தாளி அறையிலிருந்து நேராகக் குட்டிகள் அறை வாசலுக்கு வந்தான். அந்த வருஷத்துக் குட்டிகள் பிறந்து கண் திறந்திருந்தன. குருணை முகர்ந்தாள். துளசி மட்டும்தான் இருந்தது.

"உள்ள வர முடியாதுங்க," என்றாள்.

"தெரியும். புரண்டுட்டு, வெட்டிவேர் வாங்கிக்கிட்டு வரேன்," என்றான் அவன்.

வால் அறுந்த பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது வளர்ந்து, அம்மாவுக்குத் துணையாகக் காவல் இருந்தது.

"அப்பா, அம்மா உங்களை நம்பலையா? சொந்தப் பிள்ளைங்களைப் பாக்கறதுக்கு உங்களுக்கே தடையா? உங்களுக்கு அவமானமா இல்லையா?"

கிச்சிலியின் மீசை அந்த அரை வாலின் மேல் பட்டது. ஒரு வருஷமாக அது படும்போதெல்லாம் அவனுக்கு வரும் வெட்கம் இப்போதும் வந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா என்னை நம்பறா கண்ணு. என் மேல யார் உரசிட்டுப் போயிருக்காங்கன்னு எனக்கே தெரியாது. அதைத்தான் அவ நம்ப மாட்டேங்கறா."

சொல்லிவிட்டு மேட்டு அறைப் புழுதியில் புரளப் போனான்.

எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டும் கொடுங்கள். ஏனென்றால் அவனிடம் கொடுத்ததெல்லாம் அவனை ஏமாற்றுகிறவனுக்கும் கொடுத்ததே ஆகும்.